பிறப்பிலேயே ப்ளஸ் டூ

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் புதிய விதிப்புத்தகம் 2024 செப்டம்பரில் வந்தது. அதில் ஒரு சொல்லைக் காணோம். ஐம்பது வருடமாக எல்ஃப், ட்வார்ஃப், ஓர்க் எல்லாம் அந்த விளையாட்டில் ‘ரேஸ்’. இப்போது ‘ஸ்பீஷிஸ்’. சொல்லோடு சேர்ந்து ஒரு கணக்கும் இடம் மாறியிருக்கிறது. முன்பு நீங்கள் என்னவாகப் பிறந்தீர்களோ அதற்காகக் கிடைத்த கூட்டல் புள்ளிகள், இனிமேல் சாகசத்துக்குக் கிளம்பும் முன்னால் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தீர்களோ அதற்காகக் கிடைக்கும். முற்போக்கான மாற்றம் என்று ஒரு தரப்பு கொண்டாடியது. விளையாட்டின் உயிரையே எடுத்துவிட்டார்கள் என்று இன்னொரு தரப்பு புலம்பியது. திருப்பூரில் உட்கார்ந்து இதைப் படிக்கிற எனக்கு, இரண்டு தரப்பும் சேர்ந்தே ஒரு பக்கத்தைப் புரட்டாமல் விட்டுவிட்டார்கள் என்று தோன்றுகிறது. அந்தப் பக்கத்துக்குப் போவதற்கு முன்னால் கணக்கைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விளையாடாதவர்களும் இதைப் படிப்பீர்கள்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு திறன்கள்: வலு, லாவகம், உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். சராசரி மனிதனுக்குப் பத்து. பூட்டை உடைப்பதா, பொய் சொல்லித் தப்பிப்பதா, எதைச் செய்தாலும் இருபது முகப் பகடையை உருட்டி, அந்தத் திறனுக்குரிய மாற்றெண்ணைக் கூட்டி, இலக்கைத் தொட்டால் ஜெயித்தீர்கள். திறனில் இரண்டு புள்ளி ஏறினால் மாற்றெண் ஒன்று ஏறும். ஆக, பிறப்பினால் வரும் +2 என்பது இருபதில் ஒரு வாய்ப்பு. ஐந்து சதவீதம். நம்ம ஊரில் ப்ளஸ் டூ என்றால் வேறு, ஆனால் வாழ்க்கையைத் தீர்மானிப்பதில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வெறும் ஐந்து சதவீதம்தானே என்று தோன்றும். 2014 பதிப்பில் புள்ளிகளைக் கொடுத்து அறிவை வாங்கினால் அதிகபட்சம் 15 வரை வாங்கலாம். நோம் இனத்துக்கு அறிவில் +2 இருப்பதால் அவனுக்கு 17, மாற்றெண் +3. அரை ஓர்க்குக்கு வலுவும் உடலுறுதியும்தான் கூடும், அவன் 15-லேயே நிற்பான், மாற்றெண் +2. மந்திரவாதியாக விளையாட நினைக்கும் எவரும் அரை ஓர்க்கை எடுக்க மாட்டார்கள். விளைவு, மேஜைக்கு மேஜை மந்திரவாதிகள் எல்லாம் நோம்கள் அல்லது எல்ஃப்கள், கோடாரி தூக்குபவர்கள் எல்லாம் அரை ஓர்க்குகள். பத்து மேஜையைச் சுற்றிப் பார்த்த ஒருவர் ‘ஓர்க்குக்குப் படிப்பு ஏறாது’ என்று முடிவுக்கு வந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது, கண்ணால் பார்த்ததைத்தானே சொல்கிறார். சின்ன எண்தான், ஆனால் தனக்கான சாட்சியை அதுவே தயாரித்துக்கொள்ளும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதல் பதிப்பில் ட்வார்ஃப் போர்வீரன் ஆறாம் படிக்கு மேல் ஏற முடியாது, ஹாபிட் நான்கைத் தாண்ட முடியாது. மனிதனுக்கு மட்டும் உச்சவரம்பு இல்லை. 1978 புத்தகத்தில் அரை ஓர்க்குக்கு வலுவும் உடலுறுதியும் ஒவ்வொரு புள்ளி கூட, வசீகரம் இரண்டு குறைய. அதே புத்தகத்தில் பெண் பாத்திரங்களின் வலுவுக்கும் தனி உச்சவரம்பு உண்டு. மனித ஆண் 18/00 வரை போகலாம், பெண் 18/50-இல் நின்றுகொள்ள வேண்டும். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு படிகளின் உச்சவரம்பை எடுத்துவிட்டது, ஆனால் அரை ஓர்க்குக்கு அறிவிலும் வசீகரத்திலும் மைனஸ் இரண்டு தொடர்ந்தது. 2014-இன் அடிப்படைப் புத்தகத்தில் மைனஸ் இல்லை என்று நிம்மதியானால், 2016-இல் வந்த துணைப் புத்தகத்தில் முழு ஓர்க்குக்கு அறிவில் மைனஸ் இரண்டு திரும்பி வந்தது. 2020-இல் அமெரிக்கத் தெருக்கள் கொதித்த ஜூன் மாதத்தில் நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது. நவம்பரில் வந்த ‘டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்’ புத்தகம், உங்கள் இனத்துக்கான கூட்டலை எந்தத் திறனில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள் என்றது. 2023-இல் நம்மில் பலர் தூக்கம் கெட்டு ஆடிய பால்டர்ஸ் கேட் 3 அந்த வழியைத்தான் எடுத்தது. 2024-இல் இனத்திலிருந்து கூட்டலையே கழற்றிவிட்டார்கள்.

நிலையான கூட்டல் வேண்டும் என்பவர்களை இனவெறியர்கள் என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஒரு நண்பர் இருக்கிறார், மெர்ச்சண்டைசர். “ஆனைக்கும் பூனைக்கும் ஒரே வலுன்னா அப்புறம் எதுக்குங்க ஆனை?” என்பார். நியாயமான கேள்வி. மூன்றடி ஹாஃப்லிங்கும் எட்டடி கோலியாத்தும் ஒரே மாதிரி பாறையைத் தூக்கினால் அந்த உலகத்தில் பாறைக்கு என்ன மதிப்பு? இன்னொன்றும் சொல்வார்: ஓர்க் ஒருவன் மந்திரவாதி ஆவதில் கதை இருப்பதே அது அவனுக்குக் கஷ்டம் என்பதால்தான், கஷ்டத்தை எடுத்துவிட்டால் அவன் பச்சை பெயின்ட் அடித்த எல்ஃப். இலக்கியம் படிக்கிற எவருக்கும் இந்த இரண்டாவது வாதம் உறைக்கும்.

ஆனால் யானை வாதம் வலுவுக்குப் பொருந்தும். அந்த ஆறு கட்டங்களில் அறிவும் விவேகமும் வசீகரமும் இருக்கின்றன. ட்வார்ஃப் இருட்டில் பார்ப்பான், விஷத்தைத் தாங்குவான் என்பது உடம்பின் செய்தி. 2024 புத்தகமும் அதையெல்லாம் அப்படியே வைத்திருக்கிறது. ‘இந்த இனத்துக்கு அறிவு கம்மி’ என்பது உடம்பின் செய்தி கிடையாது, பக்கத்து வீட்டுக்காரரின் அபிப்ராயம்.

அபிப்ராயத்தை அச்சடித்து விதியாக்கிய அரசாங்கம் ஒன்று நம் ஊரை ஆண்டிருக்கிறது. 1857-க்குப் பிறகு பிரிட்டிஷ் ராணுவம் இந்தியர்களைப் ‘போர்க்குணம் உள்ள இனங்கள்’, ‘இல்லாத இனங்கள்’ என்று பிரித்தது. 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்தின் தளபதியாக இருந்து, பிறகு இந்தியாவுக்கே தலைமைத் தளபதியான பிரடெரிக் ராபர்ட்ஸ், தெற்கத்திச் சிப்பாய்க்குச் சண்டை வராது என்பதில் உறுதியாக இருந்தார். மெட்ராஸ் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன, அல்லது பஞ்சாபிலிருந்து ஆள் எடுத்து நிரப்பப்பட்டன. சீக்கியர், கூர்க்கா, டோக்ரா என்று இனவாரியாக ஆளெடுப்புக் கையேடுகள் அச்சாகின. யாருக்கு என்ன குணம், எதற்கு லாயக்கு, எந்த மாவட்டத்துக்காரன் உசத்தி என்றெல்லாம் அவற்றில் இருக்கும். விதிப்புத்தகம் என்றால் அதுதான் விதிப்புத்தகம். 1933-இல் ஜார்ஜ் மக்மன் இந்தக் கோட்பாட்டுக்கு ஒரு முழுப் புத்தகமே எழுதினார். பத்து வருடம்கூட ஆகவில்லை, இரண்டாம் உலகப் போருக்கு ஆள் போதாமல் போனதும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்பினார்கள். தெற்கத்தி ரத்தத்தில் திடீரென்று போர்க்குணம் ஊறிவிட்டது. ‘நிலையான கூட்டல்’ என்று நாம் சொல்வது, எழுதுகிறவனுக்குத் தேவை வரும் வரைக்கும்தான் நிலையானது.

*

புதிய புத்தகத்தைத் தமிழில் பெயர்த்தால் என்ன ஆகும் என்று ஒருநாள் யோசித்துக்கொண்டிருந்தேன். ‘ரேஸ்’ என்பதற்கு இனம் என்று போடலாம். சங்கடமான சொல் என்று ஆங்கிலத்தில் அதை எடுத்துவிட்டு ‘ஸ்பீஷிஸ்’ போட்டிருக்கிறார்களே, அதற்கு? பாடப்புத்தகத்தில் சிற்றினம் என்பார்கள், பேச்சில் யாரும் சொல்வதில்லை. பேச்சில் இருக்கிற சொல் ஒன்றுதான்: சாதி. மாட்டுச்சாதி, மனுச சாதி, நல்ல சாதி நாய். ஆங்கிலத்தில் ஒரு சொல்லைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைக்கிறார்கள், தமிழுக்கு வரும்போது அது சாதியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அதைவிடப் பெரிய வேடிக்கை கூட்டல் போய்ச் சேர்ந்த இடம். பிறப்பிலிருந்து எடுத்து ‘பேக்கிரவுண்ட்’டில் வைத்திருக்கிறார்கள். பதினாறு பின்னணிகள்: விவசாயி, கைவினைஞர், வியாபாரி, பிரபு, எழுத்தர், படைவீரர், குற்றவாளி என்று போகும் பட்டியல். பெரும்பாலும் தொழில்கள். ஒவ்வொரு பின்னணிக்கும் மூன்று திறன்கள் ஒதுக்கியிருக்கிறது, கூட்டலை அந்த மூன்றுக்குள்தான் போட முடியும். விவசாயிக்கு வலு, உடலுறுதி, விவேகம். வியாபாரிக்கு உடலுறுதி, அறிவு, வசீகரம். கூடவே ஒவ்வொருவருக்கும் ஒரு தனிச் சலுகை உண்டு. விவசாயிக்கு அடி தாங்கும் உடம்பு, வியாபாரிக்கு அதிர்ஷ்டம். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை, புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

அமெரிக்க வடிவமைப்பாளர் ஒருவருக்கு இது விடுதலையாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. அவருடைய ஊரில் நிறத்தை மாற்ற முடியாது, வேலையை மாற்றலாம். ஆகவே பிறப்பிலிருந்து தொழிலுக்குப் போவது என்பது விதியிலிருந்து தேர்வுக்குப் போவது. நம் ஊரில் அந்த இரண்டுக்கும் நடுவே கதவே கிடையாது, இரண்டும் ஒரே அறை. தொழிலைக் கேட்டால் சாதி தெரிந்துவிடும். ‘குற்றவாளி’ அங்கே நீங்களாகத் தேர்ந்தெடுக்கும் பின்னணி. இங்கே 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் பிறந்ததுமே எழுதப்பட்டது. 1911-க்குப் பிறகு மெட்ராஸ் மாகாணத்துக்கும் அது வந்தது. ரேகை வைக்க மறுத்து 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் செத்தவர்களுக்குப் பின்னணி என்பது தேர்வாக இருக்கவில்லை.

தொழிலை வைத்துத் திறனைக் கணிக்கும் திட்டத்தை நாம் அரசாணையாகவே பார்த்திருக்கிறோம். 1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திருத்தப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில். பெரியாரும் திராவிட இயக்கமும் அதற்கு வைத்த பெயர் குலக்கல்வி. அந்தப் பெயரே திட்டத்தைத் தோற்கடித்தது. 1954-இல் ராஜாஜி விலகி, காமராஜர் அரசு வந்ததும் அதைக் கைவிட்டது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் பதினெட்டுத் தொழில்கள், அதில் தையலும் ஒன்று. விண்ணப்பிப்பவரின் குடும்பம் வழிவழியாக அந்தத் தொழிலைச் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கச் சொல்லித் தமிழ்நாடு கேட்டது. அந்த வடிவத்தில் செயல்படுத்த மாட்டோம் என்று 2024 நவம்பரில் முதல்வர் கடிதம் எழுதினார். தையலைக் குடும்பத் தொழில் என்று திருப்பூரில் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே ஓவர்லாக் மிஷினில் உட்காராத சாதி இல்லை, சமயம் இல்லை, இப்போது மாநிலமும் இல்லை.

திருப்பூரையே இந்தப் பதினாறு பின்னணிகளால் எழுத முடியாது என்பதுதான் என் முதல் குறை. விவசாயிக்கு அறிவிலும் வசீகரத்திலும் கூட்டல் கிடையாது. கிணறு வற்றி, காட்டை விட்டு வந்து, பனியன் கம்பெனியில் கூலிக்கு நின்று, பத்து மிஷின் வாங்கி, எக்ஸ்போர்ட்டர் ஆன ஒருவரை அந்தப் புத்தகத்தை வைத்து உருவாக்கிப் பாருங்கள். அடி தாங்குவார். ஜெர்மன் பையரோடு பீஸுக்கு இரண்டு சென்ட் பேரம் பேச மாட்டார்.

*

அந்த எக்ஸ்போர்ட்டரிடமே போய்க் கேட்டால் அவர் பேரத்தையோ அறிவையோ காரணமாகச் சொல்ல மாட்டார். ஒரே சொல்தான் வரும்: உழைப்பு. சின்ன வயதிலிருந்து கல்யாண வீடுகளிலும் கோயில் விழாக்களிலும் இதைக் கேட்டு வளர்ந்தவன் நான். “நம்ம ஆளுகளுக்கு உழைப்பு ரத்தத்துலயே இருக்குதுங்க தம்பி. மண்ணுல கெடந்து வந்தவங்க.” சொல்பவர் பொய் சொல்வதில்லை. விடிகாலை ஏற்றம் இறைத்ததும் கம்பெனியில் தரையில் படுத்துத் தூங்கியதும் நடந்தவைதான்.

ஷரத் சாரி என்ற புவியியலாளர் திருப்பூரில் வந்து தங்கி இந்தச் சொல்லையே ஆராய்ந்தார். 2004-இல் வந்த அவருடைய ‘ஃப்ரட்டெர்னல் கேப்பிடல்’ புத்தகத்தின் அச்சு உழைப்பு என்ற சொல்தான். விவசாயக் குடும்பத்துக் கவுண்டர்கள் தொழிலாளிகளாகி, தொழிலாளிகள் முதலாளிகளாகி, கடைசியில் அந்த முழுப் பயணத்துக்கும் உழைப்பு என்று பெயரிட்டதை அவர் காட்டுகிறார். வெற்றிக்கான விளக்கமாகவும் வேலை வாங்குவதற்கான அதிகாரமாகவும் அந்தச் சொல் எப்படி வேலை செய்கிறது என்பதையும். எனக்கு அந்தப் புத்தகம் எழுப்பிய கேள்வி எளிமையானது. அதே காட்டில், அதே வெயிலில் நின்ற அருந்ததியர் பண்ணையாளின் உழைப்பு ஏன் கணக்கில் ஏறவில்லை? உழைப்பு பிறப்பில் வரும் +2 என்றால் அவருக்கு +4 இருந்திருக்க வேண்டும். 1925-இல் பேபி நிட்டிங் தொடங்கி இந்தத் தொழிலுக்கே பிள்ளையார் சுழி போட்ட குலாம் காதரின் ரத்தத்தில் என்ன இருந்தது?

ஆட்டத்தில் எண் முதலில், வெற்றி பின்னால். ஊரில் வெற்றி முதலில், எண்ணைப் பின்னால் எழுதிக்கொள்கிறார்கள்.

இதற்கு இன்னொரு ஆதாரம் பொருளாதாரத்திலிருந்து. அபிஜித் பானர்ஜியும் (2019-இல் நோபல் வாங்கினாரே, அவரேதான்) கைவன் முன்ஷியும் திருப்பூர் பின்னலாடைத் தொழிலை எடுத்துக்கொண்டு எழுதிய ஆய்வுக் கட்டுரையும் 2004-இல்தான் வெளியானது. இந்தப் பகுதிக் கவுண்டர்கள் நடத்தும் நிறுவனங்களையும் வெளியிலிருந்து வந்தவர்கள் நடத்தும் நிறுவனங்களையும் ஒப்பிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் தொடங்கும்போதே அதிக முதலீட்டோடு தொடங்குகிறார்கள். வெளியூர்க்காரர்கள் குறைந்த முதலீட்டில் தொடங்கி வேகமாக வளர்கிறார்கள். வேகமாக வளர்பவனிடம்தானே பணம் போய்ச் சேர வேண்டும்? சேரவில்லை. விவசாயத்திலிருந்து திரண்ட பணம் பங்காளி, மாமன், மச்சான் என்ற வாய்க்காலில் ஓடுகிறது. வெளியாளுக்கு அந்த மடை திறப்பதில்லை. திறமையின் வித்தியாசம் இருந்தால் அது எதிர்ப் பக்கமாகத்தான் இருக்கிறது. அந்தச் சமூகம் செய்தது தவறு என்று நான் இதை வாசிக்கவில்லை, தெரிந்தவனுக்குக் கடன் கொடுப்பது எல்லா ஊர் வழக்கமும்தான். ஆனால் வித்தியாசம் எங்கே இருந்தது என்பதைத் துல்லியமாகச் சொல்லும் கட்டுரை அது. வித்தியாசம் பையில் இருந்தது.

யாரும் புரட்டவில்லை என்று முதலில் சொன்ன பக்கம் இதுதான், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் பணம் பற்றிய பக்கம். 1974-இல் எல்ஃபோ ஹாபிட்டோ, பாத்திரம் தொடங்கும்போது மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டிப் பத்தால் பெருக்கினால் வருகிற பொற்காசு கையில். எல்லா இனத்துக்கும் அதே உருட்டு. 2014-இல் மட்டும் கொஞ்சம் நேர்மை எட்டிப் பார்த்தது: பிரபுவின் பணப்பையில் 25 பொற்காசு, துறவியின் பையில் 5. 2024-இல் அதையும் சமப்படுத்திவிட்டார்கள். பொருளாக வேண்டாம் என்றால் ஒவ்வொரு பின்னணிக்கும் 50 பொற்காசு. பிரபு வீட்டுப் பிள்ளைக்கும் 50, விவசாயி வீட்டுப் பிள்ளைக்கும் 50. வகுப்பு தரும் ஆயுதம் தனி, அதிலும் பிறப்பு பார்ப்பதில்லை.

ஆக, ஐம்பது வருடமாக இந்த விளையாட்டு வித்தியாசத்தை உடம்பில் வைத்து, சமத்துவத்தைப் பையில் வைத்திருக்கிறது. நாம் வாழ்கிற உலகம் இதற்கு நேர் தலைகீழ். உடம்பைப் பொறுத்தவரை நாம் எல்லோரும் ஏறக்குறைய அதே மூன்று பகடை. அப்பனின் நிலம், மாமனின் ஜாமீன் கையெழுத்து, வங்கி மேனேஜரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சித்தப்பா, இவையெல்லாம்தான் பிறப்பில் வருகின்றன. கூட்டலை நிலையாக வைப்பதா நெகிழ்வாக வைப்பதா என்ற சண்டையில் இரு தரப்பும் உடம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெகிழ்வுக் கட்சிக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. ‘எந்தத் திறனில் வேண்டுமானாலும் போட்டுக்கொள், நீ நீயாகவே உருவானவன்’ என்ற விதி, எக்ஸ்போர்ட்டர் சொல்லும் உழைப்புக் கதையின் சுத்திகரித்த வடிவம். பிறப்பு ஒன்றுமே தரவில்லை என்பதும் பிறப்புதான் எல்லாம் என்பதற்கு இணையான பொய்தான்.

*

கூட்டல் என்றால் லாபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கூட்டல் கொடுத்துக் கூலியைக் குறைக்கும் வித்தையும் உண்டு. பனியன் கம்பெனிகளில் செக்கிங், டிரிம்மிங், கைமடி வேலைகளில் பெண்களையே ஏன் வைக்கிறீர்கள் என்று கேட்டால், “அவங்களுக்குத்தான் பொறுமை, விரல் நல்லா ஓடும்” என்பார்கள். ஆட்ட மொழியில் லாவகம் +2. டயான் எல்சனும் ரூத் பியர்சனும் 1981-இல் ‘ஃபெமினிஸ்ட் ரிவ்யூ’ இதழில் எழுதிய கட்டுரை இந்த ‘நளின விரல்’ பேச்சைத்தான் பிரித்துப் போட்டது. அந்த விரல்கள் பிறவியில் வந்தவை கிடையாது. சிறு வயதிலிருந்து அம்மாவிடமும் அத்தையிடமும் தையலும் வீட்டு வேலையும் பழகிப் பழகி வந்தவை. வீட்டுக்குள் நடந்த பயிற்சி என்பதால் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத பயிற்சிக்குச் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாததற்கு ‘இயல்பு’ என்று பெயர், இயல்பாக வருவதற்கு எதற்குத் தனிக் கூலி? கட்டிங் மாஸ்டருக்குத் தொழில் தெரியும் என்பார்கள். செக்கிங் அக்காவுக்குக் கைவாகு என்பார்கள். சம்பளச் சீட்டில் இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே இருக்கிற தூரத்தைப் பாருங்கள்.

நான் எழுதும் மென்பொருள் ஆடைத் தயாரிப்பு லைன்களைக் கண்காணிப்பது. அதில் ஸ்கில் மேட்ரிக்ஸ் என்று ஒன்று உண்டு. இடப்பக்கம் ஆபரேட்டர்களின் பெயர், மேலே வேலைகள்: நெக் ரிப், தோள் இணைப்பு, கை ஏற்றுதல், அடி மடிப்பு. கட்டத்துக்குள் அவர் நிஜமாக எடுத்த வேகம். உண்மையான கேரக்டர் ஷீட் என்று ஒன்று இருந்தால் அதுதான், தினமும் மாறும், நெக் ரிப்பில் தடுமாறுகிறவர் மூன்று மாதத்தில் லைனிலேயே வேகமானவராக இருப்பார். அதில் ஊர்ப் பெயருக்கு இடமில்லை. ஆனால் ஆள் விவரப் பக்கத்தில் ‘நேட்டிவ்’ என்று ஒரு கட்டம் இருக்கும், ஹாஸ்டல் அறை ஒதுக்கவும் ஊர் போகிற லீவைத் திட்டமிடவும். ஒரு வாடிக்கையாளர் அந்தக் கட்டத்தை வைத்து வருகைப் பதிவு ரிப்போர்ட் கேட்டார். பீகார், ஒடிசா ஆட்கள் லீவே போடுவதில்லை, நம்மவர்கள்தான் போடுகிறார்கள் என்பதை எண்ணாகப் பார்க்க வேண்டும். கேட்டவர் கெட்டவர் இல்லை, ஆர்டர் ஷிப்மென்ட் தேதியில் கழுத்து மாட்டியிருக்கும் மனிதர்.

நான் பக்கத்தில் இன்னொரு கட்டத்தையும் வைத்துப் பார்க்கச் சொன்னேன்: ஹாஸ்டலா, வீடா. கம்பெனி வளாகத்துக்குள்ளேயே தூங்கி எழுந்து, ஊருக்குப் போக இரண்டு நாள் ரயில் ஏற வேண்டியவன் எங்கே லீவு போடுவான்? உள்ளூர்ப் பெண்ணுக்கு ரேஷன் கடை இருக்கிறது, பிள்ளையின் பள்ளியில் கூப்பிடுகிறார்கள், பங்காளி வீட்டில் சாவு. அவளைக் கொண்டுபோய்ப் பாட்னாவில் ஒரு ஹாஸ்டலில் வைத்தால் அவளும் லீவு போட மாட்டாள். சத் பூஜைக்கோ தேர்தலுக்கோ மொத்தமாக ரயில் ஏறும்போது அதே வாய் “இவனுகளை நம்ப முடியாது, திடீர்னு போயிடுவானுக” என்று சொல்லும். முப்பது வருடத்துக்கு முன்னால் இதே இரண்டு வாக்கியங்களையும் மதுரை, தேனிப் பக்கமிருந்து வந்தவர்களைப் பற்றிச் சொன்னதாக என் மாமா சொல்வார். 2023 மார்ச்சில் போலி வீடியோக்கள் கிளப்பிய பீதியில் வடமாநிலத் தொழிலாளர்கள் பலர் ஊர் திரும்பியதும், பீகாரிலிருந்து ஓர் அதிகாரிகள் குழு திருப்பூர் வரைக்கும் வந்து விசாரித்ததும் நினைவிருக்கும். லீவு போடாத இனம் என்று பெயர் வாங்கியவர்கள் அந்த வாரம் போட்டார்கள்.

அதற்காக வித்தியாசங்களையே எடுத்துவிட்டு விளையாட நான் தயாராக இல்லை. மெர்ச்சண்டைசர் நண்பரின் இரண்டாவது வாதம், கஷ்டம் இல்லாவிட்டால் கதை இல்லை என்பது, எனக்கு இன்னும் சரியாகவே படுகிறது. கஷ்டத்தைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் மேஜையில் இந்த வருடம் ஒரு வீட்டு விதி போட்டோம். ஆறு திறன்களுக்கும் எல்லோருக்கும் ஒரே எண் தொகுப்பு: 15, 14, 13, 12, 10, 8. பிறப்புக்கும் கூட்டல் இல்லை, பின்னணிக்கும் இல்லை. எடுத்த இனத்துக்குரிய இருட்டுப் பார்வை, விஷம் தாங்கும் உடம்பு எல்லாம் அப்படியே. வகுப்பு இலவசமாகத் தரும் ஆயுதமும் கிடையாது, எல்லாம் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பிறகு ஒரு பகடை. ஆறு விழுந்தால் 400 பொற்காசும், அவசரத்துக்குக் கை நீட்டக்கூடிய மூன்று உறவினர்களின் பெயரும். மூன்றோ நான்கோ விழுந்தால் 50, ஒரு பெயர். ஒன்று விழுந்தால் 60 பொற்காசு கடன், பெயர் எழுத வேண்டிய இடத்தில் கடன் கொடுத்தவனின் பெயர்.

ஆறு விழுந்தது மெர்ச்சண்டைசருக்கு. 75 காசுக்குச் சங்கிலிக் கவசம், இன்னொரு 75-க்குக் குதிரை, மிச்சத்தில் ஒரு வேலையாளையும் வைத்துக்கொண்டார். ஒன்று விழுந்தது எங்களில் நன்றாக ஆடக்கூடிய ஒரு பெண்ணுக்கு. அவர் எடுத்திருந்த ஹாஃப்லிங் திருடி, வெறும் தோல் சட்டையோடு மூன்று ஞாயிறு தாக்குப்பிடித்தாள். ஒவ்வொரு முறையும் கொள்ளையில் கிடைத்த பங்கு கடனுக்குப் போனது. நான்காவது ஞாயிறு, மெர்ச்சண்டைசரின் ட்வார்ஃப் கவசத்தால் தப்பித்த அதே அம்பு மழையில் செத்துப்போனாள். அன்றைக்கு எழுந்த வாக்குவாதம் இரவு ஒரு மணி வரை போனது. தான் சுவரோரமாக நின்று ஜாக்கிரதையாக ஆடியதால்தான் பிழைத்தேன் என்று நண்பர் பகடை எண்களை எடுத்துக்காட்டி நிரூபிக்கப் பார்த்தார். அவர் சுவரோரமாகத்தான் நின்றார், அதுவும் உண்மை.

இப்போது அந்தப் பெண் புதுப் பாத்திரம் உருவாக்க வேண்டும். பைக்கான பகடையை மறுபடி உருட்டலாமா, அல்லது செத்துப்போன திருடியின் மிச்சக் கடன் 41 பொற்காசு புதியவளுக்கு வருமா என்று கேட்கிறார். திருடிக்கு ஒரு தங்கை இருந்தாள் என்று இரண்டாவது வாரமே அவரே சொல்லியிருந்தார். அந்தத் தங்கையாகவே ஆட அவருக்கு ஆசை. கடன் கொடுத்த கதாபாத்திரத்தை நடத்துவது நான். அவன் விடுவானா மாட்டானா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.